ஓய்வுக்காலத்துக்கு ஆர்கன்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற செலவு மிகுந்த இடங்களில் இருந்துகொண்டு, வேலையை முடித்த பின் மலையும் ஆறும் உள்ள, கைக்கு அடக்கமான ஒரு மாநிலத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்கும் நண்பர்கள், ஆர்கன்சாவில் வசிக்கும் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. வரி விவரங்கள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை என்பதால், முடிவெடுக்கும் முன் அந்த ஆண்டின் நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

ஆர்கன்சா எங்கே இருக்கிறது? டெக்சாஸ் பக்கமா?

டெக்சாஸுக்கு வடகிழக்கில், ஓக்லஹோமாவுக்கும் டென்னசிக்கும் நடுவே இருக்கிறது. வடக்கே மிசூரி, தெற்கே லூசியானா, கிழக்கு எல்லையில் மிசிசிப்பி ஆறு. தலைநகர் லிட்டில் ராக். 2020 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகை சுமார் 30 லட்சம்தான்.

மாநிலம் முழுவதையும் ஒரே மாதிரியான நிலமாக நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வடமேற்கில் ஓசார்க் மலைகள். மேற்கின் மத்தியப் பகுதியில் வாஷிட்டா மலைகள். இரண்டுக்கும் இடையே ஆர்கன்சா ஆற்றின் பள்ளத்தாக்கு. தெற்கில் பைன் காடுகள். கிழக்கில், நாட்டிலேயே அதிகமாக நெல் விளையும் தட்டையான டெல்டா. வீட்டு விலை மிகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் டெல்டாவில். மலையேற்றத்துக்காக வருகிறவர் அந்த விலையைப் பார்த்து அங்கே வீடு வாங்கிவிட்டால், மலையைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அரை நாள் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

‘இயற்கை மாநிலம்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

1995 முதல் அதுவே மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பட்டப் பெயர். இந்த விளம்பரத்தில் மிகை குறைவு. பஃபலோ ஆறு 1972இல் நாட்டின் முதல் ‘தேசிய ஆறு’ என அறிவிக்கப்பட்டது; ஏறத்தாழ 135 மைல் நீளத்துக்கு அணையே இல்லாமல் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகளுக்கு இடையே ஓடுகிறது. அதன் மேல்பகுதியில், பான்கா என்னும் சிற்றூரை ஒட்டிய பாக்ஸ்லி பள்ளத்தாக்கில், 1980களில் கொண்டுவந்து விடப்பட்ட எல்க் மான்கள் பெருகி, இன்று காலை மாலை வேளைகளில் சாலையோரப் புல்வெளிகளில் மேய்கின்றன. வாஷிட்டா தேசிய நடைபாதை ஓக்லஹோமாவில் தொடங்கி லிட்டில் ராக் அருகே வரை 223 மைல் நீள்கிறது. மாநிலத்தின் உயரமான இடமான மவுண்ட் மேகசீன் 2,753 அடி. ராக்கி மலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குன்றுதான், ஆனால் அறுபது வயது முழங்காலுக்கு ஏற்ற குன்று.

மீன்பிடிப்பில் ஆர்வமுள்ளவர்கள் வைட் ரிவர், லிட்டில் ரெட் ரிவர் பக்கம் போகிறார்கள். வெப்பமான இந்தத் தென்மாநிலத்தில் டிரவுட் மீன் எப்படி என்று பலர் வியப்பார்கள்; பெரிய அணைகளின் ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும் நீர் கோடையிலும் சில்லென்று இருப்பதே காரணம். அதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு. அணையில் மின்னுற்பத்தி தொடங்கினால், முழங்காலளவு இருந்த தண்ணீர் சற்று நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். ஆற்றில் இறங்கி நிற்கும் உள்ளூர்க்காரர்கள் நீர்விளிம்பில் பாதி நனைந்த ஒரு கல்லைக் கண்வைத்துக்கொள்வார்கள். கல் மூழ்கத் தொடங்கினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவார்கள்.

பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

மாநிலப் பூங்காக்கள் ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. பொதுவாக நுழைவுக் கட்டணம் கிடையாது. முகாமிடவும் அறை எடுக்கவும்தான் பணம். வைரம் தேடிப் பார்க்கும் ‘கிரேட்டர் ஆஃப் டைமண்ட்ஸ்’ பூங்காவின் வயல் ஒரு விதிவிலக்கு. அங்கே கட்டணம் உண்டு, கிடைத்த கல் உங்களுடையது. பஃபலோ ஆற்றுக்கும் ஹாட் ஸ்ப்ரிங்ஸ் தேசியப் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

இந்த இலவசத்துக்குப் பின்னால் ஒரு வரி இருக்கிறது. 1996இல் வாக்காளர்கள் ஏற்ற 75ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, விற்பனை வரியில் ஒரு சென்ட்டின் எட்டில் ஒரு பங்கு பூங்காக்களுக்கும் வனவிலங்குத் துறைக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் ஒதுக்கப்படுகிறது. 62 வயதானவர்கள் 80 டாலருக்கு வாழ்நாள் முழுவதும் செல்லும், கூட்டரசுப் பூங்காக்களுக்கான மூத்தோர் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் போதும். ஏரிக்கரைகளில் ராணுவப் பொறியாளர் படை நடத்தும் முகாம்களில் அந்த அட்டைக்குப் பாதிக் கட்டணமே.

உண்மையிலேயே செலவு குறைவா, இல்லை பெயருக்குத்தானா?

வீடும் சொத்து வரியும் குறைவு, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லாம் மலிவு என்று நினைத்து வராதீர்கள். மாநில விற்பனை வரி 6.5 சதவீதம், அதன்மேல் கவுண்டியும் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நகரமும் போடும் வரியைச் சேர்த்தால் பல இடங்களில் 9 சதவீதத்தைத் தாண்டும். நாட்டிலேயே மிக அதிகமான விற்பனை வரிகளில் இதுவும் ஒன்று. மளிகைப் பொருள்களின் மீதான மாநில வரி 2026 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும் உள்ளூர் வரி தொடர்கிறது.

இரண்டாவது, வீட்டுக் காப்பீடு. ஆலங்கட்டி மழையும் சூறாவளியும் (டொர்னாடோ) உள்ள பகுதி என்பதால் பிரீமியம் கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறவர்கள் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்; காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கான நம் பங்கு வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். வீட்டைப் பிடித்துப்போய் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, கூரையின் வயதைக் கேட்டு, காப்பீட்டுக்கு ஒரு மதிப்பீடு வாங்கிவிடுவது நல்லது.

ஓய்வூதியத்துக்கு எவ்வளவு வரி பிடிப்பார்கள்?

கூட்டரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு மாநில வரி இல்லை. ராணுவ ஓய்வூதியத்துக்கும் இல்லை. நிறுவன ஓய்வூதியம், வேலையிடத்து ஓய்வுச் சேமிப்பான 401கே, 59½ வயதுக்குப் பின் எடுக்கும் ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுச் சேமிப்பு) ஆகியவற்றில் ஆளுக்கு ஆண்டுக்கு 6,000 டாலர் வரை விலக்கு. மீதிக்குச் சாதாரண வருமான வரி. அதன் உச்ச விகிதம் 2024இல் 3.9 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நீண்டகால மூலதன ஆதாயத்தில் பாதிக்கு மாநில வரி கிடையாது. மரபுரிமை வரியும் இல்லை.

வருமான வரியே இல்லாத டென்னசியோ டெக்சாஸோ மேல் அல்லவா என்று உடனே அடுத்த கேள்வி வரும். பெரிய தொகையை ஆண்டுதோறும் ஐஆர்ஏவிலிருந்து எடுப்பவருக்கு அது உண்மையாக இருக்கலாம். சோஷியல் செக்யூரிட்டியும் சிறிய ஓய்வூதியமுமாக வாழ்பவருக்கோ, டெக்சாஸின் சொத்து வரி அந்தச் சேமிப்பை எளிதில் விழுங்கிவிடும்.

சொத்து வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 65 வயதானால் உறைந்துவிடும் என்கிறார்களே?

சந்தை மதிப்பில் 20 சதவீதத்தை மட்டுமே வரிக்குரிய மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 2,50,000 டாலர் வீட்டுக்கு அது 50,000; உள்ளூர் விகிதம் ஆயிரத்துக்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 2,500 டாலர். அதில் சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்குச் சில நூறு டாலர் தள்ளுபடி உண்டு. 2000ஆம் ஆண்டின் 79ஆம் திருத்தப்படி, குடியிருக்கும் வீட்டின் வரிக்குரிய மதிப்பை ஓராண்டில் 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது.

65 வயது நிறைந்தவர்களுக்கு உறைவது வரிக்குரிய மதிப்பே. வரி விகிதம் அல்ல. பள்ளி மாவட்டம் விகிதத்தை உயர்த்தினால் உங்கள் வரியும் உயரும்; பெரிய அறை ஒன்றைக் கட்டினால் அதன் மதிப்பும் சேரும். இந்தச் சலுகையைக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் நீங்களே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். வயதைப் பார்த்து அவர்களாகவே தந்துவிட மாட்டார்கள்.

காருக்கும் வருடா வருடம் வரியாமே?

ஆம். கார், படகு, டிரெய்லர், சில கால்நடைகள் வரை ‘அசையும் சொத்து’ வரியில் அடங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் மே 31க்குள் உங்களிடம் உள்ளவற்றைக் கவுண்டியில் பதிய வேண்டும். தவறினால் 10 சதவீத அபராதம். வரியைக் கட்டக் கடைசி நாள், வீட்டு வரியைப் போலவே, அடுத்த ஆண்டின் அக்டோபர் 15. பதிவும் கட்டணமும் முடிந்திருந்தால்தான் வண்டியின் ஆண்டுப் பதிவைப் புதுப்பிக்க முடியும் என்பதால், யாராலும் இதை நெடுநாள் மறந்திருக்க இயலாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பெரும்பாலும் சிக்கவைப்பது முதலாண்டு மே 31தான்.

வானிலை எப்படி? சூறாவளி பயமில்லையா?

வசந்தமும் இலையுதிர் காலமும் மிக இனிமையானவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டும் புழுக்கமும் சேர்ந்து, நடப்பதென்றால் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டியதாகிவிடும். குளிர்காலத்தில் பனிப்பொழிவைவிட, மழையாக விழுந்து உறையும் பனிக்கட்டியே தொல்லை. 2009 ஜனவரியில் வடக்குப் பகுதியில் மரங்களும் மின்கம்பிகளும் பனிக்கட்டியின் எடையில் ஒடிந்து, கிராமப்புறங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது.

சூறாவளி உண்மையான அபாயம்தான். 2023 மார்ச் 31 அன்று லிட்டில் ராக் பகுதியும் கிழக்கே வின் என்னும் ஊரும் தாக்கப்பட்டன. 2024 மே மாத இறுதியில் வடமேற்கில் ராஜர்ஸ். வீடு பார்க்கும்போது பாதுகாப்பறை இருக்கிறதா, இல்லையென்றால் கராஜில் அமைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். படியிறங்கிப் போக வேண்டிய நிலத்தடிப் பதுங்கிடம் எண்பது வயதில் பயன்படாது. வடகிழக்கு மூலை, 1811-12இல் பெரும் நிலநடுக்கங்களைக் கண்ட நியூ மாட்ரிட் பிளவுப் பகுதிக்குள் வருகிறது. அங்கே நிலநடுக்கக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். வெள்ளக் காப்பீடும் வழக்கமான பாலிசியில் சேராது.

காட்டில் நடந்தால் உண்ணி கடிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்தல் அல்ல. ‘லோன் ஸ்டார்’ உண்ணி இங்கே ஏராளம். எர்லிகியோசிஸ் போன்ற காய்ச்சல்களைப் பரப்பும், சிலருக்கு அதன் கடியால் ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒவ்வாமையும் வந்துவிடுகிறது. பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி தெளித்த கால்சட்டை, அதன் கீழ்விளிம்பை உள்ளே விட்டு மேலே இழுத்த காலுறை, வீடு திரும்பியதும் குளியல், முழங்கால் மடிப்பிலும் இடுப்புப் பட்டை படும் இடத்திலும் விரலால் தடவிப் பார்ப்பது: இவ்வளவும் இங்குள்ளவர்களுக்குப் பல் துலக்குவதைப் போன்ற வழக்கம். அக்டோபர் முதல் மார்ச் வரை தொல்லை குறைவு. இலையுதிர்ந்து காட்சி திறந்திருக்கும் அந்த மாதங்களே நடைக்கு உகந்தவை என்பது என் கருத்து.

மருத்துவ வசதி எப்படி? மலைப்பகுதியில் இருந்துகொண்டு மாரடைப்பு வந்தால்?

வந்தால் கடினம்தான். உயர் சிகிச்சைக்கு லிட்டில் ராக்கில் உள்ள மாநில மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனையும் வேறு பெரிய மருத்துவமனைகளும் உண்டு. வடமேற்கில் ஃபேயட்வில் முதல் பெண்டன்வில் வரையிலான பகுதியில் நல்ல மருத்துவமனைகள் வளர்ந்துவருகின்றன, 2025இல் பெண்டன்வில்லில் ஒரு புதிய மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவ்விரு பகுதிகளை விட்டு விலகினால் சிறிய மருத்துவமனைகளே. நிபுணர்களைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டும்.

வீட்டின் முகவரியை வைத்துக்கொண்டு, இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு இரவில், மலைச்சாலையில், எவ்வளவு நேரமாகும் என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தில் 30 மைல் என்பது ஓசார்க் வளைவுகளில் ஒரு மணி நேரமாகிவிடும்.

மெடிகேர் இருக்கிறது. மாநிலம் மாறினால் ஏதாவது செய்ய வேண்டுமா?

அசல் மெடிகேர், அதாவது முதியோருக்கு அரசே நேரடியாகத் தரும் மருத்துவக் காப்பீடு, நாடெங்கும் செல்லும். அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் வழியே பெறும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் கவுண்டிக்குக் கட்டுப்பட்டது. இடம் மாறினால், மாறிய மாதத்துக்குப் பின் இரண்டு முழு மாதங்கள் வரை புதிய திட்டத்தில் சேரச் சிறப்புக் காலம் உண்டு. பழைய திட்டம் புதிய ஊரில் செல்லாது என்ற காரணத்தால் அசல் மெடிகேருக்குத் திரும்புகிறவர்களுக்கு, அசல் மெடிகேர் விட்டுவைக்கும் செலவை ஈடுகட்டும் மெடிகேப் பாலிசியை உடல்நிலையைக் கேட்காமல் தர வேண்டும் என்ற விதியும் குறுகிய காலத்துக்குப் பொருந்தும். நாள்பட்ட நோயுள்ளவர்கள் இந்த வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

எந்த ஊருக்குப் போகலாம்? ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல முடியாது. ஆனால் தேர்வு என்பது மாநிலத்தை அல்ல, கவுண்டியைத் தேர்வது என்பேன். பெண்டன்வில், ராஜர்ஸ், ஃபேயட்வில் பகுதியில் மலைச் சைக்கிள் பாதைகள், ஊர்களை இணைக்கும் ரேசர்பேக் நடைபாதை, 2011இல் திறந்த, பொது நுழைவு இலவசமான கிறிஸ்டல் பிரிட்ஜஸ் கலைக்கூடம், மருத்துவமனை, விமான நிலையம் அனைத்தும் உண்டு. வால்மார்ட் தலைமையகத்தாலும் அதற்குச் சரக்கு தரும் நிறுவனங்களாலும் இந்தியக் குடும்பங்கள் கணிசம். இந்திய மளிகைக்கும் கோயிலுக்கும் அலைய வேண்டாம். அதற்கேற்ப வீட்டு விலையும் ஏறிவிட்டது. ‘மலிவான ஆர்கன்சா’ என்ற பேச்சு இங்கே முன்புபோல் பொருந்தாது.

லிட்டில் ராக் பலர் கவனிக்காமல் விடும் இடம். விலை மிதமானது, மருத்துவம் மிகச் சிறப்பு, ஆற்றங்கரைப் பாதையும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பிக் டேம் பாலமும் பினகிள் மலையும் நகரத்தை ஒட்டியே இருக்கின்றன. ஹாட் ஸ்ப்ரிங்ஸ் அங்கிருந்து ஒரு மணி நேரம். ஏரியும் மீனும் போதும் என்பவர்களுக்கு வடக்கே மவுண்டன் ஹோம். ஆனால் மருத்துவம் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாட் ஸ்ப்ரிங்ஸ் வில்லேஜில் மனை மிகக் குறைந்த விலைக்கு வருகிறதே, வாங்கிப் போடலாமா?

வாங்கிப் போடும் எண்ணம் மட்டும் என்றால் வேண்டாம். 1970இல் தொடங்கிய இந்தக் குடியிருப்பு வளாகத்திலும், 1965இல் தொடங்கிய பெல்லா விஸ்டா என்னும் ஊரிலும், பொது வசதிகளை நடத்துவது சொத்துரிமையாளர் சங்கமே. வீடு கட்டாத மனைக்கும் சங்கக் கட்டணம் மாதந்தோறும் ஓடிக்கொண்டே இருக்கும். சில மனைகள் அடிமாட்டு விலைக்கு வருவதே அந்தக் கட்டணத்திலிருந்து தப்பிக்கத்தான். குடியேறுகிறவர்களுக்கோ கதை வேறு: கோல்ஃப், ஏரிகள், நடைபாதைகள் எல்லாம் அந்தக் கட்டணத்தில்தான் நடக்கின்றன, பயன்படுத்துகிறவருக்கு அது நியாயமான விலையே.

ஏரிக்கரையில் வீடு வாங்கினால் சொந்தமாகப் படகுத்துறை கட்டலாம்தானே?

பெரும்பாலும் முடியாது, அல்லது எளிதில் முடியாது. பீவர், புல் ஷோல்ஸ், நார்ஃபோர்க் போன்ற ஏரிகளின் கரை ராணுவப் பொறியாளர் படைக்குச் சொந்தம். உங்கள் எல்லைக்கும் தண்ணீருக்கும் இடையே அரசு நிலம் இருக்கும். அங்கே புல் வெட்டவும் அனுமதி தேவை. படகுத்துறைக்கு அனுமதி தரப்படும் கரைப்பகுதிகள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

ஏற்கெனவே துறை உள்ள வீட்டை வாங்கினாலும் அனுமதி வீட்டோடு சேர்ந்து வராது. புதிய உரிமையாளர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவர் சொல்வதை நம்பாமல் அந்த ஏரியின் திட்ட அலுவலகத்திலேயே கேட்டுவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

பத்து ஏக்கர் நிலம் வாங்கி ஒதுக்குப்புறமாக இருக்க ஆசை. கவனிக்க வேண்டியது என்ன?

தண்ணீர், கழிவுநீர், சாலை, தீயணைப்பு. கிணறா, ஊரகக் குழாயா. செப்டிக் தொட்டிக்கு மண் ஒத்துக்கொள்ளுமா என்ற பரிசோதனை நடந்திருக்கிறதா. பாதை பிறர் நிலத்தின் வழியே போனால் எழுத்துப்பூர்வ வழியுரிமை இருக்கிறதா. தன்னார்வத் தீயணைப்பு நிலையம் எவ்வளவு தூரம், ஏனெனில் காப்பீட்டுப் பிரீமியம் அதைப் பொறுத்தது. இணையம் மட்டும் எதிர்பாராத நல்ல செய்தி: ஊரக மின்சாரக் கூட்டுறவுகள் பல இடங்களில் ஃபைபர் இழுத்திருக்கின்றன. எந்தக் கூட்டுறவின் எல்லை என்று கேட்டால் போதும்.

முதலில் வாடகைக்கு இருந்து பார்க்கலாமா? பழைய வீட்டை என்ன செய்வது?

நிச்சயமாக வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு ஜூலையும் ஒரு ஜனவரியும் அடங்கும்படி. அக்டோபரில் வந்து பார்த்து நவம்பரில் வீடு வாங்குவது எளிது, ஏனென்றால் அக்டோபரில் இந்த மாநிலத்துக்குக் குறையே இருக்காது. ஆனால் வாடகைதாரரின் உரிமைகள் இங்கே குறைவு. வாடகை வீட்டுக்கான குறைந்தபட்சத் தகுதிகளே 2021இல்தான் சட்டமாயின. பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பழைய வீட்டை இதற்கிடையில் வாடகைக்கு விட்டால் காலக்கெடுவை மறக்காதீர்கள். விற்பதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இரண்டாண்டு அங்கே குடியிருந்திருந்தால்தான் தனி நபருக்கு 2,50,000 டாலரும் தம்பதிக்கு 5,00,000 டாலரும் ஆதாய வரிவிலக்கு. ஆக, ஏறத்தாழ மூன்றாண்டுக்குள் முடிவெடுக்க வேண்டும். வாடகைக்கு விட்ட காலத்தின் தேய்மானக் கழிவுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

என் 401கே முழுவதும் கலிஃபோர்னியாவில் வேலை செய்து சேர்த்தது. இடம் மாறிய பிறகும் அவர்கள் வரி கேட்பார்களா?

கேட்க முடியாது. குடியிருப்பை விட்டுச் சென்றவரின் ஓய்வூதியத்துக்குப் பழைய மாநிலம் வரி விதிக்கக் கூடாது என்று 1996இல் கூட்டரசுச் சட்டமே வந்துவிட்டது; 401கேயும் ஐஆர்ஏவும் அதில் அடங்கும். ஆனால் அங்கே விட்டுவைத்த வீட்டின் வாடகைக்கும், அங்கே உழைத்துச் சம்பாதித்த நிறுவனப் பங்குகளின் உரிய பகுதிக்கும் வரி உண்டு. ஆண்டில் பாதி நாள் அங்கேயே தங்கி, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, மருத்துவர் எல்லாம் அங்கேயே வைத்துக்கொண்டு ‘நான் ஆர்கன்சாக்காரன்’ என்றால் ஏற்க மாட்டார்கள். வந்த முப்பது நாள்களுக்குள் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் மாற்றிவிடுங்கள்.

கார் ஓட்ட முடியாத வயது வந்துவிட்டால்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எல்லாரும் கேட்க வேண்டியது. பெரும்பாலான இடங்களில் பொதுப் போக்குவரத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒதுக்குப்புற நிலம் பற்றிய பதிலில் சொன்ன பத்து ஏக்கரை எழுபத்தைந்து வயதில் விற்க முயன்றால், வாங்குபவர் கிடைக்க மாதங்கள் ஆகலாம். நகரத்து வீடு அப்படியல்ல. எனவே பலரும் செய்வதுபோல் முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளை ஏரிப்பக்கத்திலோ மலையிலோ கழித்து, பின்னர் மருத்துவமனைக்கு அருகே படிகளில்லாத சிறிய வீட்டுக்கு மாறுவதாக இருந்தால், அந்த இரண்டாவது வீட்டுக்கான பணத்தை முதல் வீட்டில் முடக்கிவிடாதீர்கள். வீடு மாறினால் 65 வயது உறைவும் புதிய வீட்டின் அன்றைய மதிப்பில் புதிதாகத்தான் தொடங்கும். அதற்கும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.